ஏரிக்கரைப் பூர்வீக வீடு: குடியேறுவதா, முன்கட்டை மட்டும் காப்பதா, விருந்தினருக்கு விடுவதா, பூட்டுவதா, இடிப்பதா?

அப்பா இருந்தவரைக்கும் வீடு நின்றது, இப்போது அங்கே யாரும் இல்லை. அண்ணன் பெங்களூரில், தம்பி சென்னையில். மேஸ்திரி இடித்துவிடச் சொல்கிறார், அம்மாவுக்கு மனசு வரவில்லை. வட ஆற்காட்டுப் பக்கம் ஏரிக்கரையில் பூர்வீக வீடு வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஏறக்குறைய இதற்குள் அடங்கிவிடும். ஊர் மட்டும் மாறும். ஒருவருக்குக் காவேரிப்பாக்கம், ஒருவருக்குக் காட்பாடி, இன்னொருவருக்குக் குடியாத்தம் பக்கம்.

வீடுகளும் ஒரே சாயல்தான். தெருவைப் பார்த்துத் திண்ணை, கல்தூண், முன்கட்டுக்கு மெட்ராஸ் டெரஸ் என்ற தட்டையான சுண்ணாம்புக் கூரை, நடுவில் முற்றம், பின்கட்டுக்குப் பனங்கை என்ற பனைமரச் சட்டம் போட்ட நாட்டு ஓடு. அதற்குப் பின்னால் கிணறும் நாலு தென்னையும் ஒரு புளியும். கொல்லைப் படலைத் திறந்தால் ஏரி. கார்த்திகையில் தண்ணீர் தளும்பி நாமக்கோழிகள் மிதக்கும்போது பார்த்தவர் யாரும் இதை விற்க ஒப்பமாட்டார்கள். சித்திரையில் ஏரி வறண்டு வேலிக்காத்தான் (சீமைக்கருவேலம்) மட்டும் நிற்கும்போது, சுவரில் கையை வைத்தால் காரை உதிரும்போது, அதே ஆட்கள் புரோக்கருக்குப் போன் போடுவார்கள். இரண்டு மாதத்திலும் முடிவெடுக்காதீர்கள். கீழே உள்ள ஐந்து விஷயங்களைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

## முதலில் எதை வைத்து எடைபோடுவது

காகிதம். இதில் தவறினால் மற்ற நான்கையும் பார்க்க வேண்டியதே இல்லை. பட்டா, அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), புலப்படம் (நில அளவை வரைபடம்), வில்லங்கச் சான்று நான்கையும் எடுத்து ஒன்றோடொன்று பொருத்திப் பாருங்கள். ஏரிக்கரை வீடுகளில் வழக்கமாக நடந்திருப்பது இதுதான்: வீடு கிராம நத்தத்தில், அதாவது குடியிருப்பு நிலத்தில், சரியாக நிற்கும், கொல்லைதான் தகராறு. ஏரி காய்ந்த ஏதோ ஒரு பஞ்சத்தில் தாத்தா பத்தடி தள்ளி மதில் எழுப்பியிருப்பார், அடுத்து வந்த சித்தப்பா அதற்கும் அப்பால் மாட்டுக்கொட்டகை போட்டிருப்பார். புலப்படத்தில் அந்த இடம் ஏரிப் புறம்போக்கு என்றிருக்கும். 2007-இல் வந்த தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தின்படி, அளந்து எல்லை குறித்து, நோட்டீஸ் கொடுத்து அகற்ற அரசுக்கு அதிகாரம் உண்டு. நூறு வருஷமாக இருக்கிறோம், வீட்டு வரி கட்டுகிறோம், கரண்ட் பில் இருக்கிறது என்பதெல்லாம் நீர்நிலைப் புறம்போக்கில் எடுபடாது.

ஆகவே கொத்தனாரைக் கூப்பிடும் முன்னால் சர்வேயருக்கு மனு போட்டு, கட்டணம் கட்டி, கல் நட்டு வாங்குங்கள். வீடு பட்டாவுக்குள் இருந்து கொல்லை மட்டும் வெளியே போகிறதென்றால், அந்த இடத்தை நீங்களாகவே விட்டு உள்தள்ளி வேலி போட்டுவிடுவது நல்லது. பின்னால் யாரும் அதை வைத்து உங்களை மிரட்ட முடியாது. வீடே புறம்போக்கில் நிற்கிறதென்றால் ஒரு கூடை சுண்ணாம்புகூட வாங்காதீர்கள். இந்தக் கட்டுரையில் உள்ள எந்த வழியும் உங்களுக்குப் பொருந்தாது. முதலில் பார்க்க வேண்டியது வக்கீலை.

இன்னொரு காகிதமும் சிலருக்கு உண்டு. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். 2010-இல் திருத்திய சட்டம் இது. மகேந்திரவாடியில் மகேந்திரவர்மன் குடைந்த கோயில் ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, வேலூர்க் கோட்டையைச் சுற்றியும் குடியிருப்புகள் இருக்கின்றன. அந்த 100 மீட்டருக்குள் வீடு இருந்தால் பழுதுபார்ப்பதற்கே முன் அனுமதி வேண்டும், இடித்துவிட்டுத் திரும்பக் கட்டுவது என்ற பேச்சை அடியோடு மறந்துவிடலாம்.

தண்ணீர். வீடு ஏரியின் எந்தப் பக்கம் இருக்கிறது? கரைக்கு வெளியே, ஏரி பாயும் வயல்கள் உள்ள ஆயக்கட்டுப் பக்கம் என்றால் வெள்ளத்தைவிடக் கசிவுதான் தொல்லை. ஏரி நிரம்பிய மாதங்களில் தரைக்கடியில் ஊறிச் சுவரில் ஓதம் ஏறும். தண்ணீர் தேங்கும் உள்வாய்ப் பக்கம் என்றால் கதை வேறு, ஏரி நிரம்பிக் கோடி போகிற வருஷம் தண்ணீர் படியேறும். மேஸ்திரிகள் வைத்திருக்கும் டியூப் லெவலைக் கொண்டு, உபரி நீர் வழியும் கலங்கலின் மட்டத்தையும் உங்கள் வீட்டுத் தரைமட்டத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஏரி தூரமானால் சர்வேயரிடமே கேளுங்கள். உள்வாயில் தரை கலங்கலுக்குக் கீழே இருந்தால் எத்தனை லட்சம் கொட்டினாலும் அது தண்ணீருக்குப் போட்ட காசு.

உள்ளூரில் மழை இல்லை, ஏரி நிரம்பாது என்று இருந்துவிடவும் முடியாது. வாலாஜாவுக்கு அருகே பாலாற்று அணைக்கட்டிலிருந்துதான் காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி ஏரிகளுக்குக் கால்வாயில் தண்ணீர் வருகிறது. பொன்னையாறு ஆந்திரத்திலிருந்து இறங்குகிறது. அங்கே கொட்டினால் இங்கே நிறையும். 2021 நவம்பரில் பாலாறு எப்படிப் பெருக்கெடுத்து ஓடியது என்று இந்தப் பக்கத்தார் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டு நீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கேளுங்கள், சுவரில் கையை வைத்துக் காட்டுவார்.

ஆள். சுண்ணாம்புக் கட்டடத்துக்கு ஆள் வேண்டும். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் மாடியேறி மழைநீர்த் தூம்பில் அடைத்த புளியஇலையை எடுக்க, கைப்பிடிச்சுவர் இடுக்கில் முளைத்த அரசங்கன்றை விரல் நீளத்தில் இருக்கும்போதே பிடுங்க, உத்திரத்தில் மண்கோடு ஏறினால் அன்றைக்கே கரையானைக் கவனிக்க ஒருவர் வேண்டும். அரசங்கன்று இரண்டு மழை பார்த்துவிட்டால் பிடுங்க வராது. வேர் சுவருக்குள் இறங்கிவிடும், பிறகு சுவரைத்தான் பிரிக்க வேண்டும். யார் அந்த ஆள் என்று பெயர் சொல்ல முடியாத குடும்பம் முழுச் சீரமைப்பில் இறங்கக் கூடாது என்பது என் கட்சி.

பணம். முதலில் ஆகும் செலவை எல்லோரும் கேட்கிறார்கள். ஆண்டுதோறும் ஆகும் செலவை யாரும் கேட்பதில்லை. வெள்ளையடிப்பு, ஓடு மாற்றுதல், கரையான் மருந்து, தென்னைக்கு ஆள், வேலிக்காத்தான் வெட்டு, கிணற்றுத் தூர் எல்லாம் நிற்காமல் வரும் செலவு.

பங்காளிகள். வீடு தாத்தா பேரிலேயே இருக்கிறதா? பெண் மக்களும் உட்பட எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட்டால்தான் எதுவும் நகரும். குடும்பத்துக்குள் எழுதும் பாக, விடுதலைப் பத்திரங்களுக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. வெளியாளுக்குக் கிரயம் எழுதினால் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம். ஒருவர் செலவு செய்து முடித்த பிறகு மற்றவர்கள் பாகம் கேட்டு வரும் கதை நம் ஊரில் புதிதில்லை. வாயால் பேசியதைப் பத்திரத்தில் ஏற்றிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

## வழி 1: முழுதாகச் சீரமைத்துக் குடியேறுவது

இதைத்தான் எல்லோரும் மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

பழைய வீட்டின் உயிர்நிலை கூரை. மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய சிறு செங்கல்லைக் குத்துவசமாக, மூலைவாட்டில், சுண்ணாம்புக் காரையில் அடுக்கியது. அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த ஒரு கனமான படுகை, அதற்கு மேல் தட்டோடு என்ற தட்டை ஓடு. அந்த ஜல்லிப் படுகையில்தான் வேலையே இருக்கிறது. கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லக் கரைசலும் தெளித்துக்கொண்டே, சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டிக்கொண்டு பின்வாங்கிப் போவார்கள். முதல் நாள் கட்டை பதியும், சத்தம் மந்தமாக இருக்கும். படுகை இறுக இறுகச் சத்தம் மாறும். கட்டை பதியாமல் கையில் துள்ளுகிற வரைக்கும் தட்ட வேண்டும். அதற்கு முன்னால் நிறுத்தச் சொல்லும் மேஸ்திரியை வைத்துக்கொள்ளாதீர்கள்.

உத்திரம் நன்றாக இருக்கிறதா என்று நடுவில் தட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள். நடு எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். சுவருக்குள் நுழையும் முனையில், ஓதம் பட்ட ஏரிப்பக்கச் சுவரில், ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்துங்கள். மரம் எதிர்த்து நின்றால் பிழைத்தது. உள்ளே போனால் அந்த உத்திரத்தை மாற்றியாக வேண்டும். நாலைந்து உத்திரம் என்றால் மாற்றலாம். பாதிக்கு மேல் போயிருந்தால் முழு வீடு என்ற எண்ணத்தை விட்டுவிட்டு அடுத்த வழியைப் படியுங்கள்.

சுவருக்கு வருவோம். சுண்ணாம்புச் சுவரில் ஓதம் ஏறும், மேற்பரப்பில் காய்ந்து வெளியேறும். இதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். முழங்கால் உயரத்தில் இருந்த ஓதக்கோடு இடுப்புக்கு வந்துவிடும். சிமெண்ட் பூச்சு பலகை பலகையாகப் பெயரும், அதோடு பழைய செங்கல்லின் முகமும் உரிந்து வரும். வாலாஜா பக்கம் ஒரு முதிய கொத்தனார் இதைச் சுருக்கமாகச் சொல்வார்: “ஓதம் எங்கியும் போவாது சார். இங்க அடைச்சா அங்க ஏறும்.” ஆகவே முன்பு யாராவது சிமெண்ட் பூசியிருந்தால் அதைக் கொத்தி எடுப்பதுதான் முதல் வேலை. அந்தக் கூலியை யாரும் மதிப்பீட்டில் எழுதுவதில்லை.

கலவைக்கு எந்தத் தண்ணீர்? பாலாற்றுப் படுகையில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கங்களில் தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீர் கெட்டது நாடறிந்த விஷயம். 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்ன வழக்கு அது. உப்புத் தண்ணீரில் குழைத்த காரை சில மாதத்தில் வெள்ளையாகப் பூக்கும், விரலால் தொட்டால் மாவாக வரும். உங்கள் போர் தண்ணீர் உப்பு என்றால் கலவைக்கு லாரித் தண்ணீர்தான். அதையும் கணக்கில் எழுதுங்கள்.

பருவமும் கணக்குத்தான். நம் பக்கம் ஆனி, ஆடியிலேயே சாயங்கால இடிமழை ஆரம்பித்துவிடும், ஐப்பசி, கார்த்திகை பெருமழை. சித்திரை, வைகாசி வெயிலில் காரை இறுகும் முன் காய்ந்து வெடிக்கும், ஈரச்சாக்கு போட்டு மாளாது. மிச்சம் தையிலிருந்து பங்குனி வரை. பெரிய வீட்டின் கூரையை ஒரே பருவத்தில் முடிப்பது அபூர்வம். “ஆறு மாசத்துல சாவி கொடுத்துடறேன்” என்று சொல்பவர் சுண்ணாம்பு வேலை தெரியாதவர், அல்லது சிமெண்ட் பூசப் போகிறவர்.

மறைந்திருக்கும் செலவுகள்: பழைய வயரிங் முழுக்க மாற்றம், குளியலறையும் கழிப்பறையும் புதிதாக (இவற்றைச் சுண்ணாம்புச் சுவரோடு ஒட்டாமல் தனியாகக் கட்டுங்கள்), எல்லா ஜன்னலுக்கும் கொசுவலை. கழிவுநீர்த் தொட்டி எங்கே வருகிறது என்பதும் முக்கியம். ஏரிப்பக்கம் சரிவாக இருக்கிறதென்று அந்தப் பக்கம் கொண்டுபோய்விடாதீர்கள்.

தோட்டத்துக்குத் தனி ஆள் வேண்டும். வேலிக்காத்தானை வெட்டினால் போதாது, தூரோடு தோண்டினால்தான் திரும்பத் தழையாது. பனை இருந்தால் தொடாதீர்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்துவிட்டார்கள். கரைமேல் நிற்கும் மரங்கள் உங்களுடையவை அல்ல, நிழல் மட்டும்தான் உங்களுக்கு. நல்ல செய்தியும் உண்டு: விவசாயத்துக்கு ஏரி வண்டல் எடுக்க வட்டாட்சியரிடம் அனுமதி வாங்கலாம், மண்ணுக்குக் காசு இல்லை. ஒரு முறை வண்டல் அடித்த கொல்லையில் இலவம்பாடி முள்கத்தரி வைத்துப் பாருங்கள். புவிசார் குறியீடு 2023-இல்தான் வந்தது, ருசி எப்போதும் உண்டு.

யாருக்குச் சரி: ஓய்வு பெற்றவர், அல்லது வீட்டிலிருந்தே வேலை செய்பவர், வருஷத்தில் பெரும்பகுதி அங்கேயே இருக்கப்போகிறவர். பட்டா சுத்தம், உள்வாய் வீடானால் தரை கலங்கலுக்கு மேல், உத்திரம் பெரும்பாலும் நல்ல நிலை. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## வழி 2: முன்கட்டை மட்டும் காப்பது

என்னைக் கேட்டால் பத்தில் ஏழு குடும்பத்துக்கு இதுதான் வழி. ஆனால் கேட்டதும் முகம் வாடிவிடும், “பாதி வீடா?” என்பார்கள்.

திண்ணை, கூடம், ஒரு அறை, பூஜை இடம் ஆகியவை கொண்ட முன்கட்டுதான் பெரும்பாலும் வலுவாக இருக்கும். அதை வழி 1-இல் சொன்ன முறைப்படி சுண்ணாம்பிலேயே சீர்செய்யுங்கள். பின்கட்டின் ஓட்டுக்கூரை சரிந்திருந்தால் அது தானாக விழும்வரை காத்திருக்கக் கூடாது. நின்று முறையாகப் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது கிடைப்பது சும்மா இல்லை. தேக்கு நிலை, கருங்கல் படி, நல்ல பனங்கை, முழு ஓடுகள் எல்லாம் முன்கட்டின் பழுதுக்கே ஆகும். அதே மரம், அதே அளவு ஓடு இன்று கடையில் கிடைக்காது. பிரிக்கும் அன்றைக்குப் பழைய மரக்கடைக்காரர் எப்படியோ மோப்பம் பிடித்து வந்து நிற்பார். “எல்லாத்தையும் லம்ப்பா எடுத்துக்கறேன்” என்பார். முன்கட்டுக்கு வேண்டியதை ஒதுக்கி எண்ணி வைத்த பிறகு அவரிடம் பேசுங்கள்.

பின்கட்டு நின்ற இடத்தை முற்றமும் தோட்டமுமாக விட்டுவிடலாம். அங்கே புதுசாகக் கான்கிரீட் அறை போட ஆசை வரும். நீர்நிலைக்குப் பக்கத்தில் புதுக் கட்டட அனுமதி எளிதல்ல என்பதைத் தவிர, புது அஸ்திவாரத்தைப் பழைய சுவரை ஒட்டித் தோண்டினால் பழைய சுவர் இறங்கும். எவ்வளவு தள்ளித் தோண்டலாம் என்று கட்டடப் பொறியாளரைக் கேட்டுவிட்டே கடப்பாரையை எடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு ஒன்றுதான், ஆனால் பெரிசு. முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் பொதுவாக இருந்த சுவர் இப்போது வெளிச்சுவர் ஆகிவிடும். அதுவரை மழையே பார்க்காத சுவர் அது. அதற்குச் சாரல் படாமல் ஒரு சாய்ப்பு இறக்கியே ஆக வேண்டும்.

யாருக்குச் சரி: பண்டிகைக்கும் கோயில் திருவிழாவுக்கும் கோடை விடுமுறைக்கும் வருபவர்கள், பக்கத்து டவுனில் ஒருவராவது இருக்கும் குடும்பம், உத்திரம் பாதி போன வீடு. பங்காளிகள் ஒத்துவராத குடும்பத்துக்கும் இதில் ஒரு வசதி இருக்கிறது. செலவு சின்னதாக இருப்பதால் பிற்பாடு கணக்குச் சண்டையும் சின்னதாகவே இருக்கும்.

## வழி 3: விருந்தினர் தங்குமிடமாக்குவது

கேட்கக் கவர்ச்சியாக இருக்கும். வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரி இருக்கிறது, வி.ஐ.டி. பல்கலைக்கழகம் இருக்கிறது, 2007 முதல் ஸ்ரீபுரம் பொற்கோயில் இருக்கிறது, ஏலகிரி போகிற வண்டிகள் இருக்கின்றன. கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் கூட்டம் உங்கள் ஏரிக்கரைக்கு வருமா?

சி.எம்.சி.க்கு மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருபவர்களுக்கு ஆஸ்பத்திரிக்கு நடக்கும் தூரத்தில், தாங்களே சமைத்துக்கொள்ள அடுப்போடு ஒரு அறை வேண்டும். காலை ஆறு மணிக்கு டோக்கன் போட வேண்டியவருக்கு உங்கள் முற்றத்துக் குளிர்ச்சி எதற்கு? பொற்கோயிலுக்கு வருபவர் அன்று மாலையே திரும்பிவிடுவார். மிச்சம் சென்னை, பெங்களூர் ஆட்கள், வாரக்கடைசிக்கு. அவர்கள் மார்கழி, தையில் வருவார்கள், ஏரி நிறைந்திருக்கும். கத்திரி வெயிலில் 40 டிகிரிக்கு மேல் போகும் நம் ஊருக்கு ஏ.சி. இல்லாமல் ஒருவரும் வரமாட்டார். மெட்ராஸ் டெரஸ் அறையில் ஏ.சி. வைப்பது முடியும், ஆனால் உயரமான கூரைக்குப் பெரிய மெஷின், பெரிய பில்.

இதில் புலப்படாத செலவுகள்தான் அதிகம். மின் இணைப்பை வணிகத்துக்கு மாற்றச் சொன்னால் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் 100 யூனிட் இலவசம் போய்விடும், கட்டண விகிதமும் ஏறும். சொத்து வரியும் அப்படியே. வெளிநாட்டார் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு. இதற்கெல்லாம் மேல், ஏரியில் குளிக்க இறங்கும் விருந்தினர். நீச்சல் தெரியாதவர், குடித்தவர், சேற்றின் ஆழம் அறியாதவர். இதற்குப் பொறுப்பேற்க முடியும் என்று நினைப்பவர் மட்டும் மேலே யோசிக்கலாம்.

யாருக்குச் சரி: வழி 1-ஐ முடித்து அங்கேயே குடியிருப்பவருக்கு, இரண்டு அறையைக் கூடுதல் வரும்படிக்காக விட. தூரத்தில் இருந்துகொண்டு ஆள் வைத்து நடத்தலாம் என்றால் வேண்டாம். வீட்டைச் சீர்செய்த கடனை விருந்தினர் வாடகையில் அடைத்துவிடலாம் என்ற கணக்கு தாளில் மட்டும் வரும்.

## வழி 4: பூட்டிவைப்பது, அல்லது குடிவைப்பது

பூட்டிவைப்பதை ஒரு முடிவாகவே யாரும் எண்ணுவதில்லை. “இப்போதைக்கு இருக்கட்டும்” என்பார்கள். ஐந்து வழியிலும் விலை அதிகமானது இதுதான். மழைக்கால ஈரத்தில் மூடிக்கிடக்கும் வீட்டில் கரையான் தடையில்லாமல் ஏறும். பல காப்பீட்டுப் பாலிசிகளில் 30 நாளுக்கு மேல் தொடர்ந்து ஆளில்லாத வீட்டில் திருட்டுப் போனால் ஈடு கிடையாது. 2021 நவம்பர் மழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து நான்கு குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். நனைந்த சுவர் யார்மீது விழும் என்று பார்த்து விழாது. உங்கள் பக்கச்சுவர் தெருவைப் பார்த்திருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

காவலுக்கு ஒரு குடும்பத்தை வைப்பது பூட்டுவதைவிட மேல். அடுப்பு எரிந்து, வாசல் தெளித்து, ஆள் நடமாடும் வீடு நிற்கும். காவலுக்கு இருப்பவருக்கு வீட்டில் உரிமை வராது என்பதுதான் சட்டம். ஆனால் அதை நிரூபிக்க நீதிமன்றத்தில் ஆண்டுகள் போகும். எழுத்தில் ஒப்பந்தம், மாதச் சம்பளம் வங்கி வழியாக, வரி ரசீதும் மின் இணைப்பும் உங்கள் பெயரில். வாடகைக்கே விடுகிறீர்கள் என்றால் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, உங்கள் ஊர் 2017 வாடகைச் சட்டத்துக்குள் வந்தால் வாடகை அதிகார அமைப்பில் பதிந்துவிடுங்கள். குடிவருபவர் ஆணியடிப்பார், ஓதச் சுவரில் டைல்ஸ் ஒட்டுவார். அதையும் ஒப்பந்தத்திலேயே தடுத்து எழுதுங்கள்.

யாருக்குச் சரி: பாகப்பிரிவினை முடியாமல் காத்திருப்பவர்கள். அதற்குக் கெடு வைத்துக்கொள்ளுங்கள். கூரை மட்டும் ஒழுகாமல் பார்த்துக்கொண்டால் மூன்று நாலு மழை தாங்கும்.

## வழி 5: இடித்துக் கட்டுவது, அல்லது விற்பது

இடிப்பது பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். சுவர் தூக்குக்குண்டுக்கு வெளியே சாய்ந்து, உத்திரம் உளுத்து, தரை கலங்கலுக்குக் கீழே இருந்தால் இடிப்பதுதான் பொறுப்பு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நிற்கும் வீடு நிற்கும்வரைதான் வீடு. இடித்த மறுநாள் அது ஏரிக்கரையில் ஒரு காலிமனை. புதுக் கட்டட அனுமதிக்குப் போகும்போது ஏரியிலிருந்து எவ்வளவு தூரம், நீர்வளத் துறை என்ன சொல்கிறது என்று எல்லாம் புதிதாக எழும். இடித்துவிட்டு அனுமதி கிடைக்காமல் நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அனுமதி கையில் வந்த பிறகு மட்டுமே சுவரில் கை வையுங்கள்.

விற்பதானால் வரியைப் பாருங்கள். 2024 ஜூலை 23 முதல் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5 சதவீதம். அந்தத் தேதிக்கு முன் வந்த சொத்தை இந்தியாவில் குடியிருப்பவர் விற்றால், பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். பூர்வீகச் சொத்துக்கு 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்கவிலையாக வைக்கலாம், அன்றைய வழிகாட்டி மதிப்புக்கு மேல் போகக் கூடாது. ஆடிட்டரிடம் கிரயத்துக்கு முன்னால் போங்கள், பின்னால் போய்ப் பயனில்லை.

வாங்க வருபவர் வீட்டுக்கு விலை தரமாட்டார், மனைக்குத்தான் தருவார். மரத்துக்குத் தனியாகப் பேசுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | முதல் செலவு | ஆண்டுச் செலவு | உள்ளூர் ஆள் | பெரிய ஆபத்து |
|---|---|---|---|---|
| முழுச் சீரமைப்பு | மிக அதிகம், பல பருவம் | அதிகம் | அங்கேயே குடியிருக்க வேண்டும் | வேலை பாதியில் நிற்பது |
| முன்கட்டு மட்டும் | நடுத்தரம் | குறைவு | பக்கத்து டவுனில் ஒருவர் | வெளிச்சுவரான பழைய உட்சுவர் |
| விருந்தினர் தங்குமிடம் | எல்லாவற்றிலும் அதிகம் | மிக அதிகம் | இரவும் பகலும் | ஏரியில் விபத்து, காலி அறைகள் |
| பூட்டு / காவல் / வாடகை | குறைவு | பார்வைக்குக் குறைவு | காவல் குடும்பம் | கரையான், வழக்கு |
| இடிப்பு / விற்பனை | இடித்துக் கட்டினால் அதிகம் | இல்லை அல்லது குறைவு | தேவையில்லை | அனுமதி கிடைக்காத மனை |

## இன்னும் முடிவு வரவில்லை என்றால்

ஒரு மழைக்காலத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ஆவணிக்குள் கூரையில் ஏறித் தூம்புகளைச் சுத்தம் செய்து, உடைந்த ஓடுகளை மாற்றி, வெடிப்புகளில் சுண்ணாம்புக் காரை அடைத்துவிடுங்கள். முளைத்த கன்றுகளைப் பிடுங்குங்கள். ஏரிப்பக்கச் சுவரில் ஓதம் எதுவரை இருக்கிறதோ அங்கே பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஐப்பசியில் ஒரு தரம், ஏரி நிரம்பிய பிறகு ஒரு தரம், மாசியில் ஒரு தரம் அதே இடத்தில் கோடு போடுங்கள். மாசிக்குள் கோடு கீழே இறங்கிவிட்டால் அந்தச் சுவரைக் காப்பாற்றலாம். ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டால் அடியில் ஊற்று நிரந்தரமாக இருக்கிறது என்று பொருள். அப்போது முதல் வழியை விட்டு இரண்டாவதையோ ஐந்தாவதையோ பேசலாம். அந்த மாதங்களில் சர்வேயர் கல்லும் பங்காளிகள் கையெழுத்தும் வாங்கி வையுங்கள். தை பிறந்ததும் சுண்ணாம்பு ஆட்கள் கிடைப்பது கஷ்டம், மேஸ்திரிக்கு அட்வான்ஸை மார்கழியிலேயே கொடுத்துவிடுங்கள்.